மார்ச்செல்லோ மால்பீகி

மார்ச்செல்லோ மால்பீகி (மார்ச் 10, 1628 - நவம்பர், 1694) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். நுண்ணோக்கியைக் கொண்டு உயிரினங்களின் உள்ளமைப்பை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் தந்துகிகளை 1661 ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார். நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல், தோல், நாக்கு ஆகிய உறுப்புகளின் நுண்ணமைப்பையும், பட்டுப்புழுவின் உடற்கூற்றையும், முட்டைக்குள் கோழிக்குஞ்சின் வளர்ச்சியையும் விவரித்தார். தாவர உள்ளமைப்பியலை நிறுவியவர்களாக இவரும் இங்கிலாந்தின் நெகேமியா குரூவும் கருதப்படுகின்றனர்.

இவருடைய பணிகளுள் பரவலாக அறியப்படாத ஒன்று, மரஞ்செடிகளில் பூச்சிகளால் உண்டாகும் கழலைகளைப் பற்றிய ஆய்வாகும். 1679 ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு, கழலைக்குள் இருக்கும் புழு மரத்திலிருந்து தானாகத் தோன்றுவதில்லை, தாய்ப்பூச்சி இட்ட முட்டையிலிருந்தே தோன்றுகிறது என்று காட்டியது. கழலைகளின் உள்ளே பூஞ்சைகளும் வாழ்கின்றன என்ற பிற்கால அறிவுக்கும் இதுவே தொடக்கப்புள்ளி எனலாம்.

இளமையும் கல்வியும்

மால்பீகி வட இத்தாலியில் பொலோஞா நகருக்கு அருகில் உள்ள கிரெவால்கோரே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மார்க்கந்தோனியோ மால்பீகி, தாய் மரியா கிரெமோனினி. குடும்பம் சொந்த நிலம் உடையது. உடன்பிறந்தோருள் இவரே மூத்தவர். இவர் பிறந்த 1628 ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடலுக்குள் சுற்றி வருகிறது என்னும் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். அக்கொள்கையில் விடுபட்டிருந்த ஒரு கண்ணியைப் பின்னாளில் மால்பீகி நிரப்பினார்.

1646 ஆம் ஆண்டில் பொலோஞா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அரிசுட்டாட்டில் வழிவந்த மெய்யியலைக் கற்கத் தொடங்கினார். 1649 ஆம் ஆண்டில் தாய், தந்தை, தந்தையைப் பெற்ற பாட்டி ஆகிய மூவரையும் அடுத்தடுத்து இழந்தார். இளைய உடன்பிறப்புகளையும் குடும்பச் சொத்தையும் கவனிக்கும் பொறுப்பு இவர்மீது விழுந்ததால் படிப்பு சிறிது காலம் தடைபட்டது. மீண்டும் பல்கலைக்கழகம் திரும்பிய பின்னர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பார்த்தொலொமேயோ மசாரி, அந்திரேயா மரியானி ஆகியோர் இவருடைய ஆசிரியர்கள். மசாரி தம் வீட்டிலேயே சிறு மாணவர் குழுவைக் கூட்டி உடல்களை அறுத்து ஆராயும் வழக்கம் உடையவர். பழைய நூல்களைப் படித்து விளக்குவதே கல்வி என்றிருந்த அக்காலத்தில், கண்ணால் கண்டு அறியும் பழக்கத்தை மால்பீகி இக்குழுவில் பெற்றார். 1653 ஆம் ஆண்டில் மருத்துவத்திலும் மெய்யியலிலும் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், தம் ஆசிரியரின் தங்கையான பிரான்செசுக்கா மசாரியை மணந்தார்.

பீசா நகரில்

1656 ஆம் ஆண்டில் பொலோஞாவில் விரிவுரையாளராக அமர்ந்தார். அதே ஆண்டில் தசுக்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டின் அழைப்பை ஏற்று, பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கோட்பாட்டுப் பேராசிரியரானார். அங்கு கணிதவியலாளர் ஜியோவான்னி அல்போன்சோ பொரெல்லியின் நட்பைப் பெற்றார். கலிலேயோவின் வழியில், இயற்கையை அளவீட்டாலும் செய்முறையாலும் அறிய வேண்டும் என்று கருதியவர் பொரெல்லி. உடலும் பல நுண்ணிய பொறிகளால் ஆன ஒன்றே என்னும் எண்ணம் இந்நட்பினால் மால்பீகியிடம் வேரூன்றியது. பொரெல்லி மருத்துவர் அல்லர். ஆகவே உடற்கூற்றை மால்பீகியிடம் அவர் கற்றார்; கணக்கியல் நோக்கை அவரிடம் மால்பீகி கற்றார்.

உடல்நலக் குறைவும் குடும்பச் சிக்கல்களும் காரணமாக 1659 ஆம் ஆண்டில் மால்பீகி பொலோஞாவுக்குத் திரும்பினார்.

தந்துகிகளின் கண்டுபிடிப்பு

குருதி இதயத்திலிருந்து தமனிகளின் வழியாக வெளியேறிச் சிரைகளின் வழியாக மீள்கிறது என்பதை ஹார்வி நிறுவியிருந்தார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வாறு செல்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. அவர் நுண்ணோக்கியைப் பயன்படுத்தவில்லை. தசையில் உள்ள நுண்துளைகளின் வழியாகக் கசிந்து செல்லக்கூடும் என்றே கருதினார். 1657 ஆம் ஆண்டில் ஹார்வி இறந்தபோது இவ்வினா விடையின்றி நின்றது.

மால்பீகி முதலில் நுரையீரலை ஆராய்ந்தார். நுரையீரல் குருதி தோய்ந்த சதைப்பிண்டம் என்னும் பழைய கருத்தை மறுத்து, அது மெல்லிய சவ்வினால் ஆன எண்ணற்ற காற்று நுண்ணறைகளின் தொகுதி என்று கண்டார். பின்னர்த் தவளையின் நுரையீரலை எடுத்துக்கொண்டார். அது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, அமைப்பிலும் எளிமையானது. உலர்ந்த தவளை நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, தமனியின் கிளைகள் மயிரினும் நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து வலைபோலப் பின்னிச் சிரைகளுடன் சேர்வது தெரிந்தது. குருதி எப்போதும் குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இம்முடிவுகளைப் பொரெல்லிக்கு எழுதிய இரண்டு கடிதங்களின் வடிவில் 1661 ஆம் ஆண்டில் பொலோஞாவில் வெளியிட்டார்.

பெரிய விலங்கில் புலப்படாத அமைப்பைச் சிறிய, எளிய உயிரினம் ஒன்றில் தேடுவது மால்பீகியின் ஆய்வுமுறை ஆயிற்று. தவளை, பட்டுப்புழு, கோழிமுட்டை, பின்னர்த் தாவரம் என அவர் அடுத்தடுத்துச் சென்றதற்கு இதுவே காரணம்.

மெசீனாவில் நான்கு ஆண்டுகள்

1662 ஆம் ஆண்டில், பொரெல்லியின் பரிந்துரையால், சிசிலித் தீவின் மெசீனா நகரில் மருத்துவப் பேராசிரியராகப் பதவியேற்றார். அங்கு இருந்தபோது நாக்கு, மூளை, தோல் ஆகியவற்றின் நுண்ணமைப்பை ஆராய்ந்தார். நாக்கில் உள்ள சுவைமொட்டுகளின் முகடுகளையும், தோலின் மேற்பரப்புக்கு அடியில் உள்ள உயிருள்ள படலத்தையும் விவரித்தார். இப்படலம் மால்பீகிப் படலம் எனப் பெயர் பெற்றது.

மெசீனாவில் இவரை ஆதரித்த பிரபுவான ஜாக்கொமோ ரூப்போவின் தோட்டத்தில் உலாவியபோது, முறிந்த செசுட்நட் மரக்கிளை ஒன்றை மால்பீகி பார்த்தார். முறிந்த இடத்திலிருந்து மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை உருப்பெருக்கிப் பார்த்தபோது, அவை சுருள்வடிவான குழல்கள் எனத் தெரிந்தது. தாவரங்களுக்குள்ளும் விலங்குகளில் உள்ளதைப் போன்ற ஒழுங்கான கட்டமைப்பு உண்டு என்னும் எண்ணம் இதனால் எழுந்தது. பின்னாளில் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட தாவர ஆய்வுகளுக்கு இக்கிளையே வித்திட்டது.

1666 ஆம் ஆண்டில் பொலோஞாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டில் வெளியிட்ட நூலில் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றை விவரித்தார். சிறுநீரகத்தில் குருதிக்குழாய்கள் சிறு உருண்டைகளாகச் சுருண்டிருப்பதைக் கண்டார். இவை மால்பீகி நுண்திரள்கள் எனப்படுகின்றன.

பட்டுப்புழுவும் அரச கழகமும்

இலண்டனில் உள்ள அரச கழகத்தின் செயலாளர் என்றி ஓல்டன்பர்க், 1667 ஆம் ஆண்டின் இறுதியில் மால்பீகிக்குக் கடிதம் எழுதி, ஆய்வுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு வேண்டினார். பட்டுப்புழுவைப் பற்றியும் அதில் கேட்டிருந்தார். மால்பீகி அதனை ஏற்றுக் கடுமையாக உழைத்தார். அவ்வுழைப்பினால் காய்ச்சலும் கண் அழற்சியும் கண்டன. ஆய்வின் பயனாக எழுந்த நூலை அரச கழகமே 1669 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதே ஆண்டில் இவர் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பூச்சி போன்ற சிற்றுயிர்களுக்கு உள்ளுறுப்புகள் என்று சொல்லத்தக்கவை இல்லை என்றே அதுவரை பலர் எண்ணியிருந்தனர். பட்டுப்புழுவுக்கு முதுகுப்புறத்தில் நீண்ட இதயமும், நரம்பு வடமும், பட்டுச் சுரப்பிகளும் இருப்பதை மால்பீகி காட்டினார். அதற்கு நுரையீரல் இல்லை, உடலின் இரு பக்கங்களிலும் உள்ள துளைகளிலிருந்து கிளைத்துச் செல்லும் மூச்சுக்குழல்களே உண்டு என்றும் கண்டார். அத்துளைகளில் எண்ணெயைப் பூசினால் புழு இறந்துவிடுவதையும் செய்துபார்த்தார். பூச்சிகளின் கழிவு நீக்கும் உறுப்பாகிய நுண்குழல்களையும் அந்நூலில் விவரித்தார். அவற்றின் பணி பின்னரே அறியப்பட்டது. அவை இன்றளவும் மால்பீகிக் குழல்கள் என்றே பாடநூல்களில் குறிக்கப்படுகின்றன.

ஒரு புழுவுக்குள் இத்தனை நுட்பமான உறுப்புகள் உண்டு என்று கண்டவருக்கு, அத்தகைய உயிர் அழுகிய பொருளிலிருந்தோ மரத்திலிருந்தோ தானாகத் தோன்றிவிடும் என்று நம்புவது அரிதாயிற்று.

தாவர உள்ளமைப்பியல்

தாவர உள்ளமைப்பைப் பற்றிய தம் கருத்துகளின் சுருக்கத்தை மால்பீகி 1671 ஆம் ஆண்டில் அரச கழகத்துக்கு அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று அது கழகத்தின் முன் வைக்கப்பட்டது. அதே கூட்டத்தில்தான் நெகேமியா குரூ தம் அச்சிட்ட நூலையும் அளித்தார். ஒருவரையொருவர் அறியாமல் இருவரும் ஒரே துறையைத் தொடங்கியிருந்தனர். மால்பீகியின் முழு நூல் இரண்டு பகுதிகளாக 1675, 1679 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் வெளிவந்தது. அதில் நுட்பமான படங்கள் பல இடம்பெற்றன.

சுருள்வடிவக் குழல்களைப் பூச்சியின் மூச்சுக்குழல்களுடன் ஒப்பிட்ட மால்பீகி, அவை காற்றைக் கொண்டு செல்வன என்று கருதினார். அவை நீரைக் கொண்டு செல்லும் மரவியக் குழாய்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மரப்பட்டையை வளையமாகச் சீவி எடுக்கும் செய்முறையையும் இவர் மேற்கொண்டார். வளையத்துக்கு மேலுள்ள பகுதி பருத்தது. இலைகளில் பக்குவமாகும் சாறு பட்டையின் வழியாகக் கீழிறங்குகிறது என்று இதிலிருந்து உய்த்துணர்ந்தார். இக்கருத்து பிற்கால ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டது.

தாவரக் கழலைகள்

இலை, மொட்டு, தண்டு, வேர் ஆகியவற்றில் பிற உயிர்களின் தூண்டுதலால் உண்டாகும் இயல்புக்கு மாறான புடைப்பு தாவரக் கழலை எனப்படும். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் மாசிக்காய் இவ்வகையைச் சேர்ந்தது. காய் என்று பெயர் பெற்றிருந்தாலும் அது காயன்று. மேற்காசியப் பகுதிகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில், சிறு குளவி ஒன்றின் தூண்டுதலால் உண்டாகும் கழலையே அது. துவர்ப்பு மிகுந்த இக்கழலைச் சாற்றுடன் அன்னபேதியைச் சேர்த்து எழுதுமை செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலவியது. நெற்பயிரில் குருத்து வெள்ளித்தண்டு போலக் குழலாக மாறும் ஆனைக்கொம்பன் தாக்குதலும் பூச்சியால் உண்டாகும் கழலையே ஆகும்.

கழலையைப் பிளந்தால் உள்ளே புழு இருப்பதை மக்கள் பழங்காலம் முதலே அறிந்திருந்தனர். ஆயினும் முழுவதும் மூடிய, துளையற்ற ஒன்றுக்குள் புழு எவ்வாறு வந்தது என்பது புதிராகவே இருந்தது. உயிரற்ற பொருள்களிலிருந்தும் வேறு உயிர்களிலிருந்தும் சிற்றுயிர்கள் தாமாகத் தோன்றும் என்னும் தான்தோன்றிப் பிறப்புக் கொள்கைக்குக் கழலை வலுவான சான்றாகக் காட்டப்பட்டது.

தசுக்கனி அரசவை மருத்துவரான பிரான்செசுக்கோ ரெடி 1668 ஆம் ஆண்டில் இக்கொள்கையைப் பெரிதும் தகர்த்தார். மூடிய குடுவையில் உள்ள இறைச்சியில் புழு உண்டாவதில்லை, ஈக்கள் முட்டையிட்டால் மட்டுமே உண்டாகிறது என்று அவர் செய்முறையால் காட்டினார். ஆனால் கழலையைப் பொறுத்தவரை அவர் தயங்கினார். காயையும் கனியையும் உண்டாக்கும் மரத்தின் உயிராற்றலே கழலையையும் அதனுள் வாழும் புழுவையும் உண்டாக்குகிறது என்று எழுதினார். இறைச்சியில் மூடப்பட்ட கதவு மரத்தில் திறந்தே கிடந்தது.

மால்பீகியின் கழலை ஆய்வு 1679 ஆம் ஆண்டுத் தாவர நூலின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்றது. அவர் பல வகைக் கழலைகளை வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் சேகரித்து, அறுத்து, வரைந்தார். முற்றிய கழலையில் புழுவும், அதற்கு முந்தைய நிலையில் முட்டையும் இருப்பதைக் கண்டார். கழலையிலிருந்து வெளிவரும் பூச்சியையும் அறுத்துப் பார்த்தார். அதன் வயிற்றின் முனையில் முட்டையிடுவதற்கான நுண்ணிய ஊசி ஒன்று இருந்தது. ஒரு முறை, ஜூன் மாத இறுதியில், ஓக் மரத்தின் மொட்டில் இத்தகைய பூச்சி ஒன்று அவ்வூசியைச் செலுத்திக்கொண்டிருப்பதையே நேரில் கண்டார். அவ்விடத்தில் இருந்த முட்டைகள் அப்பூச்சியின் வயிற்றுக்குள் இருந்த முட்டைகளை ஒத்திருந்தன. ஆகவே புழுவின் பிறப்பிடம் மரம் அன்று, தாய்ப்பூச்சியே என்று முடிவு செய்தார்.

கழலை ஏன் வளர்கிறது என்பதற்கும் விளக்கம் தர முயன்றார். முட்டையுடன் தாய்ப்பூச்சி ஒரு நீர்மத்தையும் செலுத்துகிறது, அது தாவரச் சாற்றில் கலந்து நொதித்தலை உண்டாக்குவதால் திசு பருக்கிறது என்பது அவருடைய கருத்து. வில்லோ மர இலைகளில் கழலை உண்டாக்கும் சில இரம்பப்பூச்சிகளில், தாய்ப்பூச்சி செலுத்தும் சுரப்பே கழலையைத் தொடங்கி வைக்கிறது என்று இன்று அறியப்பட்டுள்ளது. ஓக் மரக் கழலைக் குளவிகளில் கழலையின் வளர்ச்சி பெரிதும் உள்ளே இருக்கும் புழுவைச் சார்ந்தது.

மால்பீகியின் விளக்கம் எல்லை மீறிய இடமும் ஒன்று உண்டு. அவரை போன்ற பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளையும் அவர் வரைந்து, அவற்றையும் பூச்சியால் உண்டான கழலைகள் என்று எண்ணினார். அவை காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் வாழும் இடம் என்பது 1880களின் இறுதியில்தான் நிறுவப்பட்டது.

பூஞ்சைகளைப் பற்றிய குறிப்புகள்

அதே 1679 ஆம் ஆண்டு நூலில், பிறவற்றின்மேல் வளரும் தாவரங்களைப் பற்றிய பகுதியும் உண்டு. புல்லுருவியுடன் காளான்களையும் பூசணங்களையும் மால்பீகி அதில் விவரித்தார். பூஞ்சைகள் தாவரங்களாகவே கருதப்பட்ட காலம் அது. பூசணம் பூத்த பொருள்களை நுண்ணோக்கியில் வைத்து, மெல்லிய காம்புகளையும் அவற்றின் நுனியில் உள்ள உருண்டைகளையும் படமாக வரைந்தார். அவ்வுருண்டைகளிலிருந்து வெளிப்படும் நுண்வித்துகளே புதிய பூசணத்தை உண்டாக்குகின்றன என்பதை, மற்றோர் இத்தாலியரான பியேர் அந்தோனியோ மிக்கேலி 1729 ஆம் ஆண்டில் செய்முறையால் காட்டினார்.

இவ்வாறு கழலையும் பூஞ்சையும் ஒரே நூலின் வெவ்வேறு பகுதிகளில் இடம்பெற்றன. இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு அந்நாளில் எந்தக் குறிப்பும் இல்லை.

எதிர்ப்புகளும் இழப்புகளும்

மால்பீகியின் புகழ் வெளிநாடுகளில் வளர்ந்த அளவுக்குப் பொலோஞாவில் எதிர்ப்பும் வளர்ந்தது. இதில் குடும்பப் பகையும் கலந்திருந்தது. 1659 ஆம் ஆண்டில் இவருடைய தம்பி பார்த்தொலொமேயோ, சுபராலியா குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றார். கொல்லப்பட்டவரின் தம்பி ஜியோவான்னி சிரோலமோ சுபராலியா பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராகி, மால்பீகியின் முதன்மையான எதிர்ப்பாளராக விளங்கினார்.

எனினும் சுபராலியா எழுப்பிய வினா வெறும் பகையால் எழுந்தது என்று ஒதுக்கத்தக்கதன்று. 1689 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கி ஆய்வினாலும் பூச்சி, தாவர ஆய்வுகளாலும் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டார். நோயைத் தீர்க்கும் வழி நோயாளியின் படுக்கையருகே கிடைக்கும் பட்டறிவே என்பது அவர் வாதம். அன்றைய நிலையில் இதற்கு நேரடியான விடை காட்டுவது கடினம். தந்துகிகளைக் கண்டறிந்ததால் அக்காலத்தில் எந்த மருந்தும் புதிதாக உண்டாகவில்லை. மருத்துவம் காரணங்களை அறிந்து செய்யப்பட வேண்டியது, காரணங்களை அறிய உடலின் நுண்ணமைப்பை அறிய வேண்டும், எளிய உயிர்கள் அதற்கு வழிகாட்டுகின்றன என்று மால்பீகி விரிவான மறுமொழி எழுதினார். அம்மறுமொழி அவர் இறந்த பின்னரே அச்சேறியது.

1684 ஆம் ஆண்டில் இவருடைய வீடு தீக்கிரையானது. நுண்ணோக்கிகளும் பல ஆண்டுகளின் கையெழுத்துக் குறிப்புகளும் அழிந்தன. 1689 ஆம் ஆண்டில் முகமூடி அணிந்த சிலர் இவருடைய நாட்டுப்புற வீட்டுக்குள் புகுந்து இவரைத் தாக்கினர்.

இறுதிக் காலம்

1691 ஆம் ஆண்டில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டாம் இன்னொசெந்து, முன்னரே மால்பீகியை அறிந்தவர். அவருடைய அழைப்பை ஏற்று, அவ்வாண்டிலேயே மால்பீகி உரோம் நகருக்குச் சென்று திருத்தந்தையின் மருத்துவராகப் பணியாற்றினார். 1694 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இவரைப் பக்கவாதம் தாக்கியது. அதே ஆண்டில் மனைவி பிரான்செசுக்காவும் காலமானார். நவம்பர் மாத இறுதியில் மீண்டும் ஏற்பட்ட தாக்குதலால் மால்பீகி உரோம் நகரில் இறந்தார். இவருடைய மாணவரான ஜியோர்ஜியோ பக்லீவி உடலை அறுத்து ஆராய்ந்து இறப்பின் காரணத்தைப் பதிவு செய்தார். உடல் பொலோஞாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தன்வரலாறும் சுபராலியாவுக்கான மறுமொழியும் அடங்கிய நூல் 1697 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது.

செவியின் அமைப்பை ஆராய்ந்த அந்தோனியோ மரியா வல்சால்வா, பூச்சியியல் அறிஞர் அந்தோனியோ வல்லிசுனேரி ஆகியோர் இவருடைய மாணவர்கள். வல்லிசுனேரி கழலைப் பூச்சிகளைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார்.

கழலைக்குள் பூஞ்சை: பிற்கால ஆய்வுகள்

கழலைக்குள் புழு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு மால்பீகி விடை கண்டார். அப்புழு எதை உண்கிறது என்ற வினா அடுத்து எழுந்தது. ஓக் மரக் குளவிக் கழலைகளில் இதற்கு விடை எளிது. புழுவைச் சுற்றிச் சத்து நிறைந்த தாவரத் திசு ஒன்று உருவாகிறது; புழு அதனை உண்கிறது. ஆனால் சில கழலைகளில் அத்தகைய திசு இல்லை. மாறாக, உட்சுவர் முழுவதும் பூஞ்சை இழைகள் படர்ந்துள்ளன.

இதனை இத்தாலியத் தாவரவியலாளர் பாசுகுவாலே பக்காரினி 1893 ஆம் ஆண்டில் ஒரு முட்செடியின் கழலையில் விவரித்தார். ஊறுகாயாகப் பயன்படும் கேப்பர் மொட்டுகளைத் தரும் செடி அது. அவருடைய கட்டுரை வெளிவந்த தாவரவியல் இதழின் பெயர் மால்பீகியா என்பதாகும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியத் தாவரவியலாளர் பிரான்சு வில்லெம் நெகர் இவ்வகைக் கழலைகளை மேலும் ஆராய்ந்து, கிரேக்கத் தேவர்களின் உணவின் பெயரால் அவற்றை அம்புரோசியா கழலைகள் என்று அழைத்தார். தமிழில் அமுதக் கழலைகள் எனலாம்.

இக்கழலைகளை உண்டாக்குபவை அசுபொண்டிலியா, இலாசியோப்டெரா முதலிய பேரினங்களைச் சேர்ந்த நுண்ணிய ஈக்கள். நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆயினும் அது பூஞ்சையைச் சார்ந்ததன்று. நடுநிலக் கடல் நாடுகளில் வளரும் கேரப் மரத்தின் காய்களில் கழலை உண்டாக்கும் ஈயும் அசுபொண்டிலியா பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் பெண் ஈ, வயிற்றின் பின்பகுதியில் உள்ள சிறு பைகளில் பூஞ்சையின் நுண்வித்துகளைச் சுமந்து செல்கிறது. முட்டையிடும்போது அவற்றையும் தாவரத்துக்குள் செலுத்துகிறது. வித்து முளைத்து இழைகளாகப் படர்கிறது. இழைகள் தாவரத்தின் சாற்றுக்குழாய்களிலிருந்து சத்தை உறிஞ்சுகின்றன. புழு அவ்விழைகளை உண்டு வளர்கிறது. பல அசுபொண்டிலியா கழலைகளில் காணப்படும் பூஞ்சை, பொதுவாக மரக்கிளைகளில் வாடலையும் புண்களையும் உண்டாக்கும் பொட்ரியோசுபேரியா தோத்திடியா என்று அடையாளம் காணப்பட்டுள்ளது. மரத்துக்கு நோயாகிய ஒன்று கழலைக்குள் புழுவுக்கு உணவாகிறது.

எல்லாக் கழலைகளிலும் பூஞ்சை புழுவுக்கு நண்பன் அன்று. நோய்க்குறி எதையும் காட்டாமல் இலைத்திசுவுக்குள்ளேயே வாழும் பூஞ்சைகள் பல உண்டு. ஓக் மர இலைகளில் வாழும் அத்தகைய பூஞ்சை, இலையிலிருந்து கழலைக்குள்ளும் பரவுவதையும், அவ்வாறு பரவிய கழலைகளில் புழுக்கள் இறப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பூஞ்சை புழுவை நேரடியாகக் கொல்கிறதா, அல்லது அது உண்ணும் திசுவை அழிப்பதால் புழு பட்டினியால் இறக்கிறதா என்பது ஒவ்வொரு இணையிலும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

இவ்வினா இத்தாலியில் ஏட்டளவில் நிற்கவில்லை. சீனாவைத் தாயகமாகக் கொண்ட செசுட்நட் கழலைக் குளவி, 2002 ஆம் ஆண்டில் இத்தாலியின் பியத்மாந்து பகுதியில் கண்டறியப்பட்டது. அது மொட்டுகளைக் கழலைகளாக மாற்றுவதால் கிளைகள் வளர்ச்சி குன்றி விளைச்சல் குறைகிறது. பின்னர் இக்கழலைகளுக்குள் நோமோனியோப்சிசு என்னும் பூஞ்சைப் பேரினத்தின் இனம் ஒன்று பரவலாகக் காணப்பட்டது. அது 2012 ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பூஞ்சை பிடித்து வாடிய கழலைகளில் குளவிப் புழுக்கள் இறக்கின்றன. ஆனால் அதே பூஞ்சை செசுட்நட் கொட்டைகளை அழுகச் செய்கிறது. கிளைகளில் புண்களையும் உண்டாக்குகிறது. ஆகவே அதனைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த இயலாது. மால்பீகியின் தாவர ஆய்வு தொடங்கியது இம்மரத்தின் முறிந்த கிளையிலிருந்துதான் என்பது குறிப்பிடத்தக்கது.

கழலைக்குள் இருப்பது யார், அது எங்கிருந்து வந்தது, யாரை உண்கிறது என்ற வினாக்களுக்கு விடை கண்டால்தான் எந்த உயிரைக் கட்டுப்படுத்துவது என்று முடிவு செய்ய இயலும். பயனற்றது என்று சுபராலியா கருதிய நுண்ணாய்வு, இவ்வாறு உழவருக்கும் தோட்டக்காரருக்கும் வேண்டிய அறிவாக வளர்ந்துள்ளது. மருத்துவத்திலும் சிறுநீரக நோய்கள் பலவற்றை அறிவது மால்பீகி கண்ட நுண்திரள்களைத் தவிர்த்து இன்று நடைபெறுவதில்லை.

பெயர் தாங்கியவை

மால்பீகியின் நினைவாக, சிவந்த சிறு பழங்களைத் தரும் ஒரு புதர்ச்செடிப் பேரினத்துக்கு மால்பீகியா என்று பெயரிடப்பட்டது. அப்பேரினத்தின் பெயரால் மால்பீகியேசியே என்னும் குடும்பம் அமைந்தது. தமிழிலக்கியங்களில் பேசப்படும் குருக்கத்தி, அதாவது மாதவிக்கொடி, இக்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தை உள்ளடக்கிய மால்பீகியேலிசு வரிசையில் ஆமணக்கு, மரவள்ளி, நெல்லி, இரப்பர் மரம் ஆகியவையும் அடங்கும். மால்பீகிப் படலம், மால்பீகி நுண்திரள், மால்பீகிக் குழல் ஆகிய சொற்கள் உயிரியல், மருத்துவப் பாடங்களில் தொடர்ந்து வழங்கி வருகின்றன.